கீரிமலைக் கேணியும் கைதடிப் பள்ளிக்கூடமும்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு வயதைக் காணும் இவ்வேளையில், இம்மலரின் பக்கங்களில் அதிபர்களையும் ஆசிரியைகளையும் விடுதி வாழ்வையும் விளையாட்டுப் போட்டிகளையும் பலர் நினைவுகூருவார்கள். அந்த நினைவுகளோடு, எமது வகுப்பறைகளுக்குள் காலடி வைக்க வாய்ப்பின்றிப் போன பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு கட்டுரை இடம்பெற வேண்டும் என்று, கீரிமலைப் பக்கத்திலிருந்து இக்கல்லூரிக்கு வந்து படித்த நாங்கள் சிலர் பேசிக்கொண்டோம். எங்களில் வைத்தியத் தொழிலுக்குப் போனவரின் கையில் பேனா கொடுக்கப்பட்டது. ஆகவே இதில் சரித்திரமும் இருக்கும், கொஞ்சம் வைத்தியமும் இருக்கும். பொறுத்தருளுங்கள்.

நாம் எழுத எடுத்துக்கொண்டது, கண் தெரியாத, காது கேளாத, கைகால் வழங்காத பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்தில் படிப்பு எப்படி வந்தது என்ற கதை. இதன் நடுப்பகுதி 1950களில் நடக்கிறது. தொடக்கமோ வெகு பழையது.

தீர்த்தமும் நம்பிக்கையும்

எங்கள் ஊரின் பெயரே ஓர் உடற்குறையின் கதை. கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இங்குள்ள தீர்த்தத்தில் நீராடி மனித முகம் பெற்றார் என்பது ஐதிகம். நகுலம் என்றால் கீரி. கோயில் நகுலேஸ்வரம், ஊர் கீரிமலை. சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் கதையும் எல்லோரும் அறிந்ததே. குன்ம நோயாலும் குதிரை முகத்தாலும் வருந்திய அவர், கீரிமலையில் தீர்த்தமாடி நோயும் முக விகாரமும் நீங்கப்பெற்று மாவிட்டபுரத்தில் முருகனுக்குக் கோயில் எழுப்பினார் என்பார்கள். மா விட்ட புரம் என்று ஊர்ப்பெயருக்குப் பொருளும் சொல்வார்கள்.

கடல் அலை வந்து மோதும் மதிலுக்கு இந்தப் பக்கம் நன்னீர் ஊறும் கேணி. குடாநாட்டின் நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளாலும் குகைகளாலும் இறங்கி ஓடி, கடலோரத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்ய வருபவர்களோடு, வருத்தக்காரரும் வருவார்கள். வாதம் பிடித்தவர், தோல் வியாதிக்காரர், நடக்கமாட்டாத பிள்ளையை இடுப்பில் சுமந்த தாய். பெண்கள் கேணியின் படியில் பிள்ளையை இருத்தி, இரு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றுவது எங்கள் பாட்டிமார் காலத்தில் வழமையான காட்சியாக இருந்தது.

இந்த நம்பிக்கையைச் சிரித்து ஒதுக்க எங்களுக்கு மனமில்லை. அமெரிக்க ஜனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ற் 1921இல் இளம்பிள்ளை வாதம் எனக் கண்டறியப்பட்ட நோயால் கால்கள் வழங்காமல் போனபின், ஜோர்ஜியா மாநிலத்து வோர்ம் ஸ்பிறிங்ஸ் என்ற ஊற்றைத் தேடிப் போனார். 1927இல் அங்கே ஒரு சிகிச்சை நிலையத்தை அமைத்தார். தண்ணீர் உடலின் பாரத்தைத் தாங்குவதால், தரையில் அசைக்க முடியாத கால் நீருக்குள் அசையும். பலவீனப்பட்ட தசைக்கு அது நல்ல பயிற்சி. இன்றைய உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் அதையே சொல்வார். ஆனால் செத்துப்போன நரம்பை எந்த ஊற்றும் உயிர்ப்பிப்பதில்லை. ரூஸ்வெல்ற்றும் பழையபடி நடக்கவில்லை. இரும்புப் பட்டிகளோடும் சக்கர நாற்காலியோடும்தான் ஒரு பெரிய நாட்டை ஆண்டார்.

நாம் கவனிக்க வேண்டியது இங்கேதான். ஐதிகத்தில் முனிவரும் இளவரசியும் குணமடைந்தார்கள். குணமடைந்தபின் அவர்களுக்கு எல்லாக் கதவும் திறந்தன. தீர்த்தமாடியும் குணமாகாத பிள்ளையின் கதி என்ன என்பதற்கு ஐதிகத்தில் இடமில்லை. கேணிக்கும், பரியாரியிடமும், நேர்த்திக்கடனுக்கும், பிறகு மானிப்பாய் அல்லது யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்ப் பார்த்துக் களைத்த குடும்பம், பிள்ளையை வீட்டின் உள்ளறைக்கு அனுப்பிவிடும். அன்பில்லாமல் அல்ல. சோறூட்டினார்கள், குளிக்க வார்த்தார்கள், தலைமாட்டில் விளக்கு வைத்தார்கள். ஆனால் ‘இதுக்கு இனிப் படிப்பு என்னத்துக்கு’ என்றார்கள்.

பெண்பிள்ளையானால் உள்ளறை இன்னும் உள்ளே போகும். வீட்டில் ஒரு பிள்ளைக்கு வாய் பேசாது என்று வெளியில் தெரிந்தால் மற்றச் சகோதரிகளுக்குக் கலியாணம் பேசுவது கடினம். சீதனம் கூடும், அல்லது சம்பந்தமே முறியும். ஆகவே அக்காவின் கலியாணத்தன்று தங்கை அடுத்த வீட்டில் இருப்பாள். ‘நொண்டி’, ‘குருடு’, ‘ஊமை’ என்ற சொற்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டு, காலப்போக்கில் பெயரையே விழுங்கிவிடும்.

அக்காலத்து நோய்கள்

ஏன் இத்தனை பிள்ளைகள் அப்படி ஆனார்கள்? 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை எமது குழந்தைகளின் புலன்களையும் கால்களையும் பறித்தவை பெரும்பாலும் இன்று தடுக்கக்கூடிய நோய்கள்.

முதலாவது இளம்பிள்ளை வாதம், அதாவது போலியோ. இந்தக் கிருமி தொற்றும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அறிகுறி எதுவும் தெரியாமலோ ஒரு சாதாரண காய்ச்சலோடோ போய்விடும். ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு முள்ளந்தண்டின் நரம்புக் கலங்களைத் தாக்கிக் காலைச் சூம்பச் செய்யும். இரவு காய்ச்சலோடு படுத்த பிள்ளை காலையில் எழும்பி நிற்கமாட்டாது. இலங்கையில் 1962இல் பெரிய கொள்ளைநோயாகப் பரவி 1800க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. அதே ஆண்டில்தான் வாய்வழிச் சொட்டு மருந்தும் நாட்டில் அறிமுகமானது. எங்கள் தாய்மார் தலைமுறையில், ஒரு கால் சூம்பிய உறவினர் இல்லாத குடும்பம் அரிது. எங்கள் பிள்ளைகளின் தலைமுறையிலோ அதைப் பாடப்புத்தகத்தில்தான் பார்க்கலாம். 1993க்குப் பின் இலங்கையில் போலியோ நோயாளர் இல்லை.

இரண்டாவது, கர்ப்பிணித் தாய்க்கு வரும் ஜேர்மன் சின்னமுத்து எனப்படும் ருபெல்லா. தாய்க்கு அது இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் தடிப்பும் மட்டுமே. வயிற்றிலிருக்கும் சிசுவுக்கோ கண்ணில் வெண்புரை, காதில் செவிடு, இருதயத்தில் ஓட்டை. 1941இல் அவுஸ்திரேலியாவின் கண் வைத்தியர் நோர்மன் கிறெக் இந்தத் தொடர்பைக் கண்டு சொல்லும்வரை உலகில் எவருக்கும் இது தெரியாது. அதுவரை தாய்மார் கிரகணத்தையும் கண்ணூறையும் தங்களையும் நொந்துகொண்டார்கள். இலங்கையில் ருபெல்லாத் தடுப்பூசி 1996இல் தொடங்கியது.

மூன்றாவது, சின்னமுத்துக்குப் பின்னும் வயிற்றோட்டத்துக்குப் பின்னும் உயிர்ச்சத்து ஏ குறைந்து கருவிழி வெண்மையாகி உருகிப்போதல். முருங்கையிலையும் பப்பாசியும் பனம்பழமும் வளவில் இருந்தும், வருத்தக்காரப் பிள்ளைக்குப் பத்தியம் என்று கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடுத்ததால் போன கண்கள் எத்தனையோ. நான்காவது, மூளைக்காய்ச்சலும் கவனியாமல் விட்ட காதுச் சீழும். 1940களின் இறுதியில் வந்த ஸ்ரெப்ரோமைசின் மருந்து காசநோய்க்காரரின் உயிரைக் காத்தது, ஆனால் சிலரின் செவிப்புலனை விலையாக வாங்கியது. ஐந்தாவது, மச்சான் மச்சாள் கலியாணம். இரு குடும்பத்திலும் மறைந்திருக்கும் ஒரே குறைபாட்டுப் பரம்பரையலகு பிள்ளையில் ஒன்றுசேர்ந்தால், பிறவிச் செவிடு ஏற்படலாம். காணி வெளியே போகக்கூடாது என்று செய்த சம்பந்தங்களில் இதுவும் உள்ளே வந்தது.

இவற்றில் பெரும்பாலானவை அந்தப் பிள்ளையின் மூளையைக் குறைத்ததாகச் சொல்ல முடியாது. காது கேளாத பிள்ளைக்கு மொழி எட்டவில்லை. கண் தெரியாத பிள்ளைக்கு எழுத்து எட்டவில்லை. நடக்கமாட்டாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எட்டவில்லை. எட்டச் செய்வதற்கு என்ன வழி என்று கேட்டவர்கள்தான் விசேட பாடசாலைகளை உண்டாக்கினார்கள்.

இரத்மலானையும் பாளையங்கோட்டையும்

ஆறு புள்ளிகளை வெவ்வேறு விதமாக வைத்து 63 வடிவங்கள் செய்யலாம், அவற்றால் எந்த மொழியையும் விரலால் வாசிக்கலாம் என்று காட்டியவர் பிரான்சு நாட்டின் லூயி பிறெயில். கண் தெரியாத அவர் தமது முறையை 1829இல் வெளியிட்டார். காது கேளாதோர் கல்வியில் பாதை இவ்வளவு நேராக இருக்கவில்லை. கையசைவு மொழியா, உதடு பார்த்துப் பேசும் முறையா என்ற சண்டை நெடுங்காலம் நடந்தது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு வாய்ப்பேச்சு முறையே சிறந்தது என்று தீர்மானித்தது. அதன்பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள், உலகின் பல பாகங்களிலும் செவிப்புலனற்ற பிள்ளைகளின் வகுப்பறைகளில் கையசைவு தடுக்கப்பட்டது.

தமிழ் நாட்டில் இம்முயற்சியின் தாய்வீடு பாளையங்கோட்டை. 1890இல் செல்வி அஸ்குவித் அங்கே விழிப்புலனற்றோர் பாடசாலையைத் தொடங்கினார். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் செல்வி புளோரன்ஸ் சுவெயின்சன் செவிப்புலனற்றோர் பாடசாலையை ஆரம்பித்தார். இலங்கையில் 1912ஆம் ஆண்டு அங்கிலிக்கன் மிஷனரியான மேரி சாப்மன் அம்மையார், செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கும் விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கும் பாடசாலை தொடங்கினார். இரத்மலானையில் நிலைகொண்ட அந்தப் பாடசாலையே நாட்டின் முதலாவது விசேட பாடசாலை. அம்மையார் பின்னர் பர்மாவுக்கும் போய், 1920இல் இரங்கூனில் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை அமைத்தார்.

பெண் கல்விக்கென இக்குடாநாட்டில் எழுந்த கல்லூரிகளின் கதையை நன்கு அறிந்த எமக்கு இதில் ஒரு ஒற்றுமை தெரியும். ‘பொம்பிளைப் பிள்ளைக்குப் படிப்பு என்னத்துக்கு’ என்று ஊர் கேட்ட காலத்தில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை சேர்த்தவர்களும், ‘ஊமைப் பிள்ளைக்குப் படிப்பு என்னத்துக்கு’ என்று கேட்டபோது பிள்ளை சேர்த்தவர்களும் பெரும்பாலும் தனித்து வந்த பெண்களே. இரு கேள்விக்கும் ஒரே விதமாகத்தான் பதில் சொன்னார்கள். முதலில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் படிப்பித்துக் காட்டினார்கள்.

இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், உடற்குறையுள்ள பிள்ளைகளைக் கண்டறிந்து கல்வி கொடுப்பது உள்ளூராட்சிக் கல்வி அதிகாரிகளின் கடமை என்றது. மறு ஆண்டு வந்த விதிகள் அப்பிள்ளைகளைப் பதினொரு வகையாகப் பிரித்தன. இலங்கையிலும் 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை. போதனாமொழியும் படிப்படியாக ஆங்கிலத்திலிருந்து சுயபாஷைக்கு மாறத் தொடங்கியது. கட்டணம் என்ற வேலி விழுந்தபின், மற்ற வேலிகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கின.

தாய்மொழி என்ற சிக்கல்

கீரிமலையில் ஒரு செவிப்புலனற்ற பிள்ளை 1950இல் படிக்கவேண்டுமானால், காங்கேசன்துறையில் புகையிரதம் ஏற்றி ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தெற்கே அனுப்பவேண்டும். ஆறு வயதுப் பிள்ளை. எங்கே போகிறோம், ஏன் போகிறோம், அம்மா எப்போது வருவார் என்று அதற்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு மொழியும் இல்லை. இதை நினைத்தே பல தாய்மார் அனுப்பவில்லை. அவர்களைக் குறைசொல்ல எங்களால் முடியாது.

தூரத்தோடு மொழியும் ஒரு பிரச்சினை. உதடு பார்த்துப் பேச்சை அறிவது மிகக் கடினமான வித்தை. கண்ணாடி முன் நின்று ‘பணம்’ என்றும் ‘மணம்’ என்றும் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான் அசையும். ‘காகம்’ என்ற சொல்லில் ககரங்கள் இரண்டும் தொண்டையோடு ஒட்டிப் பிறப்பதால் வெளியில் தெரியாது, கடைசியில் உதடு மூடுவது மட்டுமே தெரியும். ணகரமும் னகரமும் நாவுக்குள்ளேயே வேறுபடுகின்றன. ஆகவே ஆசிரியர் பிள்ளையின் கையை எடுத்துத் தம் தொண்டையில் வைத்து அதிர்வை உணர்த்துவார். மூக்கின் பக்கத்தில் வைத்து மகரத்தைக் காட்டுவார். உள்ளங்கையில் ஊதிப் பகரத்தைக் காட்டுவார். ஒரு சொல்லுக்கு ஒரு கிழமை போகும். இத்தனை பாடுபட்டுக் கற்கும் மொழி, வீட்டில் அம்மா பேசும் மொழியாக இல்லாவிட்டால் என்ன பயன்? விடுமுறைக்கு வீடு வந்த பிள்ளை தன் தாயின் உதட்டைப் படிக்கமுடியாமல் நிற்கும்.

விழிப்புலனற்ற பிள்ளைக்கும் தமிழ்ப் புள்ளியெழுத்து வேண்டும். பல மொழிகளுக்கும் பலபேர் பலவிதமாகப் புள்ளிகளை அமைத்திருந்த நிலை, 1951இல் யுனெஸ்கோ பெய்ரூற்றில் கூட்டிய மாநாட்டோடு சீர்பட்டது. இந்திய மொழிகளுக்கென ஒருமித்த பாரதி பிறெயில் நிலைபெற்றது. அதில் ஒலி ஒன்றானால் புள்ளியும் ஒன்றே. தமிழ்ப் பிள்ளை படிக்கும் ககரத்துக்கும், இந்திப் பிள்ளையின் ககரத்துக்கும், ஆங்கிலத்தின் ‘கே’ எழுத்துக்கும் ஒரே புள்ளிகள். இன்னொரு அழகும் உண்டு. அச்சுத் தமிழில் ‘கொ’ என்று எழுத ஒற்றைக்கொம்பு முன்னால், ககரம் நடுவில், அரவு பின்னால். புள்ளியெழுத்தில் முதலில் ககரம், அடுத்து ஒகரம், அவ்வளவுதான். வாயில் பிறக்கும் ஒழுங்கிலேயே விரல் வாசிக்கும். சாதாரணப் பாலர் வகுப்பில் கொம்போடு மாரடிக்கும் பிள்ளைகள் இதைக் கேட்டால் பொறாமைப்படுவார்கள்.

1956, கைதடி

இந்தத் தேவைக்கு விடையாக 1956இல் கைதடியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை எழுந்தது. இரத்மலானைப் பாடசாலையின் கிளையாகத் தொடங்கிய அதுவே கைதடி நவீல்ட் செவிப்புலனற்றோர், விழிப்புலனற்றோர் பாடசாலை. இங்கிலாந்தின் நவீல்ட் மன்றத்தின் உதவியால் வந்த பெயர் அது.

நவீல்ட் பிரபு என்றால் யாரென்று பலருக்குத் தெரியாது. மொறிஸ் மோட்டர்கார் என்றால் யாழ்ப்பாணத்தில் தெரியாதவர் இல்லை. சைக்கிள் திருத்துபவராகத் தொழில் தொடங்கி மொறிஸ் கார்களை உருவாக்கிப் பெருஞ்செல்வரான வில்லியம் மொறிஸ்தான் பின்னர் நவீல்ட் பிரபு ஆனார். 1943இல் தமது பெயரில் மன்றத்தை நிறுவினார். கலியாண ஊர்வலத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கீரிமலைத் தீர்த்தத்துக்கும் எங்கள் பாட்டன்மார் நெருக்கியடித்து ஏறிப்போன மொறிஸ் மைனர்களுக்கும் இந்தப் பாடசாலைக்கும் இப்படி ஒரு சொந்தம். இன்னொரு சொந்தமும் உண்டு. போலியோ மார்புத் தசையைத் தாக்கினால் மூச்சு நின்றுபோகும். அப்படிப்பட்டவர்களை உயிரோடு வைத்திருக்கும் ‘இரும்பு நுரையீரல்’ என்ற சுவாசப் பெட்டியை 1938 முதல் தமது கார்த் தொழிற்சாலையிலேயே செய்வித்து, பிரித்தானியப் பேரரசில் கேட்ட ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தவரும் இவரே.

1956 எமது நாட்டுக்குச் சாதாரண ஆண்டல்ல. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய ஆண்டு. கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே யாழ்தேவி ஓடத் தொடங்கியதும் அவ்வாண்டு ஏப்பிரலில்தான். பெரியவர்கள் மொழியின் உரிமைக்காகத் தெருவில் நின்ற அதே காலத்தில், கைதடியில் சில பிள்ளைகள் ‘அம்மா’ என்ற ஒரு சொல்லைத் தொண்டையிலிருந்து வெளியே கொண்டுவர உழைத்துக்கொண்டிருந்தார்கள். தாய்மொழிக் கல்வி என்பதன் முழுப் பொருளையும் அந்தப் பிள்ளைகளிடம்தான் பார்க்கலாம்.

கண்டி வீதியில் நாவற்குழி தாண்டினால் கைதடி. கீரிமலையிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம். தாய் தகப்பன் பிள்ளையைப் பார்க்கப் பலகாரம் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போகலாம், தவணை விடுமுறைக்கு வீட்டுக்குக் கூட்டிவரலாம். ஊர்ச்சனம் தொடக்கத்தில் அதை ‘ஊமைப் பள்ளிக்கூடம்’ என்றுதான் சொன்னது. சொல்லில் இளக்காரம் இருந்தாலும், அந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘பள்ளிக்கூடம்’ என்ற சொல் முதன்முறையாக வந்து சேர்ந்தது பெரிய காரியம்.

தனிப் பாடசாலை கொடுத்ததும் எடுத்ததும்

விசேட பாடசாலைகளைப் பற்றி இன்று இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். பிள்ளையை ஊரிலிருந்து பிரித்து விடுதியில் அடைத்தது தவறு என்பது ஒரு கட்சி. அவை இல்லாவிட்டால் அப்பிள்ளைகளுக்கு எதுவுமே கிடைத்திராது என்பது மறு கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு.

கொடுத்தவற்றை முதலில் சொல்வோம். எழுத்து, எண், கைத்தொழில். இவற்றைவிடப் பெரியது தோழமை. தன்னைப்போல் உலகில் ஒருவரும் இல்லை என்று நினைத்திருந்த பிள்ளை, தன்னைப்போல் பத்துப் பேரை ஒரே முற்றத்தில் கண்டது. ஆசிரியர்கள் வாய்ப்பேச்சைக் கற்பிக்க, செவிப்புலனற்ற பிள்ளைகள் சேர்ந்து வாழ்ந்த இடங்களிலெல்லாம் விளையாட்டு முற்றத்திலும் படுக்கையறையிலும் தங்களுக்குள் ஒரு சைகை மொழியை வளர்த்துக்கொண்டார்கள். உலகெங்கும் சைகை மொழிகள் பல இப்படித்தான் விடுதிகளில் வளர்ந்தன. அவற்றுக்கும் இலக்கணம் உண்டு, அவையும் முழு மொழிகளே என்று மொழியியலாளர் 1960களிலிருந்து ஒவ்வொன்றாக நிறுவி வருகிறார்கள்.

எடுத்தவையும் உண்டு. பிள்ளை வீட்டிலிருந்து அந்நியப்பட்டது. தம்பி தங்கையின் சண்டை, சந்தைப் பேச்சு, கோயில் திருவிழா, செத்தவீடு என்று வாழ்க்கையைக் கற்றுக்கொடுக்கும் பலதும் விடுதி மதிலுக்கு வெளியே நடந்தன. ஊரும் அந்தப் பிள்ளையோடு பழகக் கற்கவில்லை. பதினெட்டு வயதில் அவள் திரும்பி வந்தபோது, படித்த பெண்ணாக வந்தாள். ஊரோ, அவளை அனுப்பியபோது இருந்த ஊராகவே இருந்தது.

கால் வழங்காத பிள்ளையின் நிலை வேறு. கைதடிப் பாடசாலை கண்ணுக்கும் காதுக்குமானது. போலியோவால் கால் சூம்பிய பிள்ளைக்குத் தனியான மொழியோ எழுத்தோ தேவையில்லை. அயல் பாடசாலையே போதும். தேவைப்பட்டது வழியும் வாசலுமே. பாடசாலை இரண்டு மைல். தகப்பனின் சைக்கிள் பாரில் இருந்து போகலாம், ஆண்பிள்ளையானால். பெண்பிள்ளை பெரியபிள்ளையானதும் சைக்கிள் பயணம் நிற்கும், அதோடு படிப்பும் நிற்கும். பாடசாலை போனாலும் வாசலில் ஐந்து படி, மேல்மாடிக்கு இருபது படி, கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் மணலில் நடை. ஆறு மணிநேரம் தண்ணீர் குடியாமல் இருந்து படித்தவர்களை எங்கள் வைத்திய வாழ்வில் கண்டிருக்கிறோம். அவர்களின் சிறுநீரகமும் சிறுநீர்ப்பையும் அந்தக் கதையைச் சொல்லும். ஒரு மலசலகூடத்தின் கதவு அகலம் ஒரு பெண்ணின் கல்வியைத் தீர்மானித்தது என்றால் அது மிகையில்லை.

யுத்தம் எழுதிய அத்தியாயம்

1960களின் இறுதியில் இலங்கையில் ஒருங்கிணைந்த கல்வி தொடங்கியது. விழிப்புலனற்ற பிள்ளைகள் சாதாரணப் பாடசாலையில் மற்றவர்களோடு இருந்து படிக்க, பயிற்சி பெற்ற ஆசிரியர் துணைநிற்கும் முறை அது. 1994இல் ஸ்பெயினின் சலமன்காவில் கூடிய உலக மாநாடு, எல்லாப் பிள்ளைகளுக்கும் சாதாரணப் பாடசாலையே வீடாகவேண்டும் என்று அறிவித்தது. 1996இல் இலங்கைப் பாராளுமன்றம் வலுவிழந்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பொதுக் கட்டடங்களில் சாய்தளமும் ஏற்ற வசதிகளும் வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன.

சட்டங்கள் கொழும்பில் அச்சாகிய அந்த ஆண்டுகளில் நாங்கள் எங்கே இருந்தோம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். 1990 ஜூனில் கீரிமலை உட்பட வலிகாமம் வடக்கு முழுவதும் வெறுமையானது. கேணியும் கோயிலும் முட்கம்பிக்குள் போயின. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் அந்த மழை இரவில் நடந்தவர்களில், முதுகில் சுமக்கப்பட்டவர்களும் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளப்பட்டவர்களும் இருந்தார்கள். ஷெல் சத்தம் கேளாமலே, மற்றவர்கள் முகத்தைப் பார்த்துப் பயந்து ஓடிய பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. 2000இல் கைதடியும் தென்மராட்சியும் போர்முனையாயின.

யுத்தம் கைகால் இழந்தவர்களை ஆயிரக்கணக்கில் உண்டாக்கியது. 1980களின் இறுதியில் ஜெய்ப்பூர்க் கால் யாழ்ப்பாணம் வந்தது. 1968 அளவில் இராஜஸ்தானில் கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் வைத்தியர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய அந்தச் செயற்கைக் காலோடு வெறுங்காலிலும் நடக்கலாம், சம்மணமிட்டும் இருக்கலாம். கோயிலுக்குள்ளும் வயலுக்குள்ளும் போகவேண்டிய எம்மவர்க்குப் பொருத்தமான கால். எங்கள் தலைமுறையின் வகுப்பறைகளில், மிதிவெடியில் கால் இழந்து, செயற்கைக் காலோடு திரும்பி வந்து அதே வாங்கில் இருந்த மாணவிகள் இருந்தார்கள். ஒருங்கிணைந்த கல்வி என்ற சொல்லை அப்போது நாங்கள் கேள்விப்பட்டதில்லை. மழைநாளில் அவளுடைய புத்தகப்பையை யார் தூக்குவது என்று முறைபோட்டுக்கொண்டோம், அவ்வளவுதான்.

அந்தக் காலத்திலும் அதன் பின்னும் இங்கே புதிய நிறுவனங்கள் எழுந்தன. சுன்னாகத்தில் விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கு வாழ்வகம், கோண்டாவிலில் மனவிருத்திக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குச் சிவபூமி. வாழ்வகத்துப் பிள்ளைகள் தங்குவதற்கு அங்கே, படிப்பதற்கு அயல் பாடசாலையில் மற்றவர்களோடு. 1956இன் தனிப் பாடசாலைக்கும் இன்றைய பொதுப் பாடசாலைக்கும் இடையில் எமது மண் தானாகவே கண்ட ஒரு வழி இது. கைதடி நவீல்ட் பாடசாலையும் இடர்கள் எல்லாவற்றையும் தாண்டி நிலைத்து நிற்கிறது.

நூற்றாண்டில் ஒரு வேண்டுகோள்

இன்று நோய்கள் மாறிவிட்டன. போலியோ இல்லை. உயிர்ச்சத்துக் குறையால் கண்போவது அரிது. குறைமாதக் குழந்தைகளை நாம் காப்பாற்றுகிறோம், அவர்களில் சிலருக்குப் பெருமூளை வாதமும் விழித்திரைக் கோளாறும் வருகின்றன. பிறந்து சில நாட்களிலேயே செவிப்புலனைச் சோதிக்கக் கருவி இருக்கிறது. கேட்கும் கருவியை ஆறு மாதத்துக்குள் பொருத்தினால் பிள்ளையின் பேச்சு பெரும்பாலும் வயதோடு ஒட்டி வளரும், மூன்று வயதில் பொருத்தினால் அந்த ஆண்டுகளைத் திரும்பப் பிடிப்பது கடினம். ஆனால் இன்றும் ‘தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர், பாப்பம்’ என்று சொல்லி நாலு வயதில் கொண்டுவருகிறார்கள். உங்கள் பேரப்பிள்ளை, மருமகப்பிள்ளை ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிடத் திரும்பாவிட்டால், தயவுசெய்து அந்தக் கிழமையே காட்டுங்கள்.

உலகெங்கும் பரந்திருக்கும் பழைய மாணவிகளிடம் எங்கள் வேண்டுகோள் மூன்று.

ஒன்று, கனடாவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் உங்கள் பிள்ளைகளின் பாடசாலைகளில் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று தினமும் பார்க்கிறீர்கள். எமது கல்லூரிக்கு நூற்றாண்டு நினைவாக என்ன கட்டினாலும், அதன் வாசலில் சாய்தளமும், ஒரு மலசலகூடத்துக்கு அகலக் கதவும் வரைபடத்திலேயே இருக்கட்டும். ஒரு மீற்றர் உயரத்துக்குப் பன்னிரண்டு மீற்றர் நீளம் என்ற கணக்கில் சாய்வு அமைந்தால் பிள்ளை தானே ஏறிவரலாம். கட்டும்போது செய்தால் செலவு சொற்பம், பிறகு உடைத்துச் செய்வதுதான் பெருஞ்செலவு.

இரண்டு, 1956 முதல் கைதடியில் படித்த முதல் வரிசைப் பிள்ளைகள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். உங்கள் உறவில், அயலில் அவர்களில் யாரேனும் இருப்பார்கள். அவர்களின் நினைவுகளைக் குரலிலோ சைகையிலோ பதிந்து வையுங்கள். சைகையைப் பதிய இன்று ஒரு கைபேசி போதும். எமது கல்லூரிகளின் சரித்திரத்துக்கு மலர்கள் பல உண்டு, அவர்களின் சரித்திரத்துக்கு மிகக் குறைவு.

மூன்று, வீட்டின் உள்ளறையிலேயே காலம் கழித்த அத்தை, சித்தி, பெரியம்மா ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால், அவரது சரியான பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பட்டப்பெயரை அல்ல, பெயரை. குடும்பப் படங்களில் அவர் இல்லாமல் இருக்கலாம். வம்சாவளியில் அவர் இருக்கட்டும்.

கீரிமலைக் கேணி இப்போது திரும்பவும் திறந்திருக்கிறது. ஊரவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வளவு துப்புரவாக்குகிறார்கள். அடுத்த ஆண்டு எங்கள் கல்லூரியில் முதலாம் வகுப்புக்கு விண்ணப்பம் கொடுக்க வரிசையில் நிற்கும் தாய்மாரில் ஒருத்தி, தன் பிள்ளையின் காதுக்குப் பின்னால் இருக்கும் சிறு கருவியைத் தலைமயிரால் மறைக்காமல் வந்து நிற்கவேண்டும். நூற்றாண்டு மலரில் நாங்கள் ஆசைப்படுவது இதற்குத்தான்.